மறுபூஜைக்கு முன்னால் எடுத்த லேப்டாப்

இதை எனக்கு முதலில் சொன்னது ராஜாத்திதான். போன கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஓசூர் மலைக்கோயிலில் சாமி பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது சொன்னாள். கேட்கக் கேட்கச் சிரிப்புத் தாங்காமல் பாதிப் படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். மேலே ஏறுகிறவர்கள் எங்களுக்கு முட்டிவலி என்று நினைத்து, "மெதுவா இறங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதே கதையை அவள் வீட்டுக்காரர் கோவிந்தப்பனும் சொல்வார். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் சொல்வார், கம்பெனி பஸ்ஸில் சொல்வார், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். ஆனால் அவரிடம் இருப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி ராஜாத்தியிடம் இருக்கிறது. முதலில் அவர் பாதி.

கோவிந்தப்பன் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் போதும், எந்த பேரிங் அழுகிறது, எந்த பெல்ட் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். எந்த மெஷினுக்கு எப்போது எண்ணெய் மாற்றணும் என்பது அவருக்குத் தன் பிள்ளைகளின் பிறந்த நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். "நோவு வந்தப்புறம் பாக்கறதுக்குப் பேரு மெயின்டனன்ஸ் இல்ல. வர்றதுக்கு முன்னாடி பாக்கறதுதான் மெயின்டனன்ஸ்" என்று புதுசாகச் சேருகிற பையன்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார்.

அந்த மனிதருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது.

சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. முதலில் பேப்பர் எழுத்து தள்ளிப் போனது. அப்புறம் தட்டு தள்ளிப் போனது. சாம்பாரைச் சோற்றுக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றிவிட்டு, "தட்டை யாரு நகத்தினது?" என்று கேட்டார். ஒருநாள் சொந்த ஊரான உத்தனப்பள்ளிக்குப் போக ராயக்கோட்டை பஸ் என்று நினைத்துத் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டார். முழித்ததும் கண்டக்டரிடம் சண்டை. "ரூட்டை மாத்தினா போர்டை மாத்த வேண்டாமாய்யா?" என்றாராம். கண்டக்டர் அவரை இறக்கிவிடவில்லை. பாவம் என்று உட்கார வைத்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ராஜாத்தி தினமும் சொன்னாள். "என்னாங்க, கண்ணைக் காட்டிட்டு வந்துடலாங்க."

"கண்ணுக்கு என்னா? நல்லாத்தான் இருக்குது."

"நேத்து தொடப்பத்தைப் பாத்து, எதிர்வீட்டு நிர்மலான்னு நெனச்சு 'வாங்க'ன்னு சொன்னீங்களே."

"இருட்டா இருந்துச்சு."

"பட்டப்பகலுங்க."

அவருக்கு எப்போதும் ஒரு வேலை வந்துவிடும். எங்கேயோ ஒரு மெஷின் படுத்துவிடும். ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கினால் அந்தத் தேதியில் கம்பெனியே படுத்துவிடும். இதற்கெல்லாம் காரணம் வேறு. கண்ணுக்குள்ளே ஊசி போடுவார்கள் என்று அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். தகட்டை அமுக்குகிற பிரஸ் மெஷின் ஓடி நின்றதும் அதற்குள்ளே தோள் வரைக்கும் கையை விடுகிற ஆள், ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் வேர்த்துப் போவார்.

கடைசியில் ராஜாத்தியும் மகள் சுவாதியும் சேர்ந்து ஒரு வழி பார்த்தார்கள். சுவாதி எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண். கிருஷ்ணகிரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு விஜயதசமி அன்றைக்கு நேரம் வாங்கிவிட்டாள். அன்றைக்கு அப்பாவின் கம்பெனி லீவு. மெஷின் எல்லாம் நிற்கும். நிற்கிற மெஷின் எப்படிப் படுக்கும்?

கோவிந்தப்பன் ராத்திரி பகலாக யோசித்தார். வழி கிடைத்தது. மெஷின் எல்லாம் நிற்கிற நாளில்தான் மெயின்டனன்ஸ்காரர்களுக்குப் பெரிய வேலை. விஜயதசமிக்கு யார் யார் வருகிறீர்கள், விருப்பமுள்ளவர்கள் ஆயுத பூஜை அன்று சாயந்திரம் அஞ்சு மணிக்குள் பேரை மெயிலில் அனுப்புங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பேரைக் கொடுத்துவிட்டால் போதும். "கம்பெனி கூப்பிட்டுச்சு, நான் என்னா பண்றது?" என்று கையை விரித்துவிடலாம்.

ஆயுத பூஜை காலையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்று மேனேஜருக்கு ரகசியமாக போன் செய்தார். "சார், நான் வர்றன் சார். மெயில் போட்டுடறன். வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம் சார்." பிரஸ் ஷாப்பில் பேசிப் பேசிப் பழகிய குரல். அவர் ரகசியம் பேசினால் தெருமுனைக் கடையில் தராசு ஆடும். அது அவருக்குத் தெரியாது.

அவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஒழுங்காக நடக்கும். ஹாலில் சாமி படங்களுக்கு முன்னால் பலகை போட்டு, அதன் மேல் வீட்டிலுள்ள ஆயுதம் எல்லாம் வரிசையாக வரும். கோவிந்தப்பனின் ஸ்பேனர் செட், அவருடைய பெரிய பைப் ரெஞ்ச், ராஜாத்தியின் அரிவாள்மணை, தையல் கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி, சுவாதியின் லேப்டாப், அதோடு அவள் வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒயர் இல்லாத கீபோர்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளு பூ. பொரி, கடலை, வாழைப்பழம் படைத்துத் தேங்காய் உடைத்துவிட்டால், மறுநாள் காலையில் மறுபூஜை பண்ணி எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஒன்றையும் தொடக்கூடாது. வருஷம் முழுக்க உழைத்த சாமான்களுக்கு ஒருநாள் ஓய்வு. ராஜாத்தி அதற்காக முந்தின நாளே காய் நறுக்கி வைத்துவிடுவாள்.

கோவிந்தப்பனுக்கு வேண்டியது லேப்டாப். அதுவும் பலகையின் மேல், பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கிறது.

போனிலேயே மெயில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். போனில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது அவருக்கு. லேப்டாப்பில் என்றால் சுவாதி சொல்லிக்கொடுத்த ஒரு வழி உண்டு. டெக்ஸ்ட் எடிட்டர் என்று ஒன்று இருக்கிறதாம், வெறும் எழுத்தை மட்டும் அடிக்கிற இடம். அதைத் திறந்து எழுத்தைக் கடைப் பலகை அளவுக்குப் பெருசாக்கி அடித்துவிட்டு, அப்படியே அள்ளி மெயிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. சுவாதி பாகலூரில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். ராஜாத்தி ஒரு தூக்கில் சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு, "நிர்மலா வீட்டுக்குக் குடுத்துட்டு வந்துடறங்க" என்று கிளம்பினாள்.

"மெதுவா வா, அவசரமில்ல" என்றார் கோவிந்தப்பன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

அவள் தலை மறைந்ததும் பலகை முன்னால் போய் நின்றார். சாமி படத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி லேப்டாப்பை எடுத்தார். உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், ஊர்ப் பெயரும் நாலு நம்பரும். திறந்தது. எடிட்டரைத் திறந்தார். எழுத்தைப் பெருசாக்கினார். நாளை வேலைக்குத் தான் கட்டாயம் வருவதாக இங்கிலீஷில் நாலு வரி அடித்தார். அள்ளிக்கொண்டார். எடிட்டரை மூடினார். பாதி மலை ஏறின சந்தோஷம்.

மெயிலைத் திறந்தால் அது அவர் பாஸ்வேர்டைக் கேட்டது. அடித்தார். தப்பு என்றது. நிதானமாக அடித்தார். தப்பு. ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். தப்பு, தப்பு.

சந்தேகம் வந்து எடிட்டரைத் திரும்பத் திறந்து அதில் அடித்துப் பார்த்தார். எல்லாம் பெரிய எழுத்து. சின்ன எழுத்து ஒன்றுகூட வரவில்லை. ஒன்று என்ற நம்பரை அடித்தால் ஆச்சரியக்குறி. நாலை அடித்தால் டாலர். ஷிப்ட் பட்டனை யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

ஷிப்ட் பட்டனைப் பார்த்தார். அது பாட்டுக்கு மேலேதான் இருந்தது. தட்டினார். ஸ்பார்க் பிளக்கை ஊதுவது போல ஊதினார். லேப்டாப்பைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். கொஞ்சம் குங்குமமும் இரண்டு பொரியும் விழுந்தன. பொரியை வாயில் போட்டுக்கொண்டு அடித்துப் பார்த்தார். திரையில் அவர் பெயர் பெரிய எழுத்தில் அவரைப் பார்த்துக் கத்தியது.

ஹாலில் வளையல் சத்தம். ராஜாத்தி எப்போதோ வந்துவிட்டிருக்கிறாள். உடனே மாடி போர்ஷனில் இருக்கிற சம்பங்கிக்குப் போன் போட்டார். சம்பங்கி அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேனேஜரிடம் கன்னடம்.

"ஏமாயிந்தி அண்ணா? என்னா ஆச்சு?" என்று பின்பக்கமாக வந்தான்.

"ஷிப்ட் மாட்டிக்கிச்சுடா."

"யாருக்கு மாட்டிக்கிச்சு? நைட்டா?"

"அந்த ஷிப்ட் இல்லடா. இந்த ஷிப்ட். எடிட்டரை மூடினன். மூடினதும் இப்படி ஆயிடுச்சு."

"ரெண்டு பக்கத்து ஷிப்டையும் சேத்து அமுக்குங்கண்ணா. நம்ம ஸ்டோர்ஸ்ல அப்படித்தான் பண்ணுவாங்க." அமுக்கினார்கள். நகம் வெளுக்கிற வரைக்கும் அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"சைடுல குட்டியா என்னமோ துருத்திக்கிட்டு இருக்குது, அதைப் புடுங்கிப் பாக்கலாமா?"

"எங்க?"

"இதோ, பட்டாணி சைசுல."

கோவிந்தப்பன் மூக்கு இடிக்கிற வரைக்கும் குனிந்தார். தெரியவில்லை. தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். "ஏய், இது சுவாதியோட ஆபீஸ் சாமான். சம்பந்தமில்லாததைக் கழட்டாத. மெயின்டனன்ஸ்ல முதல் பாடமே அதுதான்."

சம்பங்கி கையை எடுத்துக்கொண்டான். "அப்ப ஒய்-ஒய் போட்டுடலாமாண்ணா?"

அவர்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். எந்த மெஷின் படுத்தாலும் ஒருத்தர் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போகணும், இன்னொருத்தர் பதில் சொல்லிக்கொண்டே போகணும். கடைசி ஏனில் நோவின் வேர் கிடைத்துவிடுமாம். கோவிந்தப்பனே அதில் பெரிய ஆள். நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளு."

"ஏன் பெரிய எழுத்து வருது?"

"ஷிப்ட் மாட்டிக்கிச்சு."

"ஏன் மாட்டிக்கிச்சு?"

"எடிட்டரை மூடினன்."

"ஏன் எடிட்டரைத் திறந்தீங்க?"

"போன்ல எழுத்து சரியாத் தெரியல."

"ஏன் தெரியல?"

"கண்ணு கொஞ்சம் மங்கல்."

"ஏன் கண்ணைக் காட்டல?"

கோவிந்தப்பன் ஷிப்ட் பட்டனை இன்னொரு தடவை ஊதினார்.

"அண்ணா, வேர் கிடைச்சிடுச்சு" என்றான் சம்பங்கி. "லேப்டாப்புல ஒண்ணுமில்ல. ரிப்பேர் உங்ககிட்டதான்."

"போடா. ரீஸ்டார்ட் பண்ணு."

ரீஸ்டார்ட் பண்ணினார்கள். அதுதான் பண்ணக்கூடாத காரியம். லேப்டாப் அணைந்து எழுந்து, இப்போது சுவாதியின் பாஸ்வேர்டையே கேட்டது. அதிலும் நாலு நம்பர். நாலு நம்பரும் குறியாகத்தானே போகும்? தப்பு. மறுபடியும் தப்பு. இன்னும் தப்பாக அடித்தால் பூட்டிவிடுவேன் என்று திரையில் எழுதி வந்தது. கோவிந்தப்பனுக்காக சம்பங்கிதான் படித்துச் சொன்னான். ஆபீஸ் லேப்டாப். பூட்டிக்கொண்டால் சுவாதி ஆபீஸில் போய் நின்று பதில் சொல்லணும்.

"தேவுடா" என்றான் சம்பங்கி. "அண்ணா, மாடியில பால் பொங்குது." மாடியில் பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. ஓடிவிட்டான்.

கோவிந்தப்பன் மெதுவாக ஹாலுக்கு வந்தார். ராஜாத்தி கீழே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் கீபோர்டுக்கு மேல் அவருடைய பைப் ரெஞ்ச் சந்தனப் பொட்டோடு சாய்ந்திருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட ரெஞ்ச். அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீதாம்பா காப்பாத்தணும்" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். மனதுக்குள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ராஜாத்திக்கு நன்றாகக் கேட்டது.

"சம்பங்கி தம்பி ஏங்க தலைதெறிக்க ஓடுது?"

"கம்பெனி விஷயம்."

"கம்பெனி லீவாச்சே."

"லீவுன்னா விஷயம் இருக்காதா?"

"பலகையில ஒரு ஆயுதம் கொறையுதுங்க."

"எது?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. கண்ணுதான் நல்லாத் தெரியுதே."

அவர் பார்த்தார். மஞ்சளாகவும் சிவப்பாகவும் என்னென்னவோ தெரிந்தது. "எல்லாம் இருக்கிற மாதிரிதான் இருக்குது."

"லேப்டாப்பு?"

"ஓ, அதா. தூசி தட்டலாம்னு எடுத்தன்."

"காலையில வெச்ச சந்தனத்தையா தட்டினீங்க?"

கோவிந்தப்பன் தூணோரம் உட்கார்ந்துவிட்டார். "என்னாவோ ஆயிடுச்சு ராஜாத்தி. எதை அடிச்சாலும் பெருசு பெருசாவே வருது."

"நல்லதுதானே. உங்க கண்ணுக்குத் தெரியும்."

"வெளையாடாத. சுவாதி வந்தா என்னைத் தோலை உரிச்சிடுவா."

"மறுபூஜைக்கு முன்னாடி எடுத்தது தப்புதானேங்க?"

"தப்புதான்."

"எடுத்து என்னா பண்ணீங்க?"

"ஒரு மெயில்."

"யாருக்கு?"

பூ கட்டுகிற நாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேனேஜருக்கு. நாளைக்கு டூட்டிக்கு வர்றன்னு."

ராஜாத்தி திட்டவில்லை. பூவைக் கீழே வைத்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பஸ்ஸு மாறி ஏறினா அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாங்க" என்றாள் மெதுவாக. "பிரஸ்ஸுக்குள்ள கையை விடறீங்களே, அங்க அடுத்த ஸ்டாப்பு ஏதுங்க?"

கோவிந்தப்பன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்களாம் ராஜாத்தி."

"யாரு சொன்னா?"

"ராமப்பன்."

"ராமப்பன் கண்ணு டாக்டருங்களா?"

"கேன்டீன்ல போண்டா போடறவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சாமி கோவம்தான்" என்றார் அவரே. "இல்லன்னா எடிட்டரை மூடினதுக்கா ஒரு பட்டன் மாட்டிக்கும்? ஓய்வெடுக்கற பொருளைத் தொட்டன். அதுவும் பொய் சொல்றதுக்குத் தொட்டன். கற்பூரம் எடு."

ராஜாத்தி எடுத்துக் கொடுத்தாள். கோவிந்தப்பன் ஏற்றினார். "நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் கிருஷ்ணகிரி போய்க் கண்ணைக் காட்டிக்கறன். ஊசி போட்டாலும் போட்டுக்கறன்" என்றார். 'போட்டாலும்' என்ற இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

ராஜாத்தி பலகையிலிருந்து அந்த ரெஞ்சைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "சாமி முன்னாடி சொல்லிட்டீங்க, தைரியமாப் போங்க. இதை மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க."

ஆறு கிலோ ரெஞ்சைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே போனார். பாஸ்வேர்டை அடித்தார். திறந்துகொண்டது! எடிட்டரில் தன் பெயரை அடித்தார். சின்ன எழுத்து, குட்டிக் குட்டியாக, சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. ஒன்று அடித்தால் ஒன்று. நாலு அடித்தால் நாலு. கோவிந்தப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போதுதான் மணியைப் பார்த்தார். இன்னும் அஞ்சு ஆகவில்லை.

மனிதர் மனசு எப்படி என்று பாருங்கள். லேப்டாப் சரியாகிவிட்டது. மெயிலும் திறக்கிறது. மடியில் ரெஞ்ச். சாமிக்குச் சொன்ன வாக்கு இருக்கிறது, ஆனால் நாளை இல்லாவிட்டால் தீபாவளி கழித்துக் காட்டிக்கொண்டால் சாமி வேண்டாமென்றா சொல்லும்? விரல் தானாகப் போனது. மரியாதைக்குரிய சார் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். மரியாதை வரைக்கும் சின்ன எழுத்து. சார் மட்டும் பெரிய எழுத்தில் வந்தது.

அழித்துவிட்டு அடித்தார். பெரிசு. இன்னும் பெரிசு.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். ராஜாத்தி பலகை முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். இடது கை நெஞ்சில். வலது கையைப் பலகைமேல் நீட்டி, விரலால் எதையோ தொட்டபடி உதடு அசையக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தனக்காக வேண்டுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஓடி வந்து அடித்ததையெல்லாம் அழித்தார்.

"அழிச்சிட்டன் சாமி, அழிச்சிட்டன்! இனிமே இல்ல!" என்று ரகசியமாகச் சொன்னார். மாடியில் சம்பங்கிக்குக் கேட்டது.

அடித்துப் பார்த்தார். சின்ன எழுத்து.

அதற்கப்புறம் அந்த லேப்டாப்பை அவர் ஒரு நொடிகூடக் கையில் வைத்திருக்கவில்லை. கொண்டுவந்து பலகையில் இருந்த இடத்தில் வைத்து, புதுசாகப் பொட்டு வைத்து, தோப்புக்கரணமும் போட்டார்.

மறுநாள் கிருஷ்ணகிரி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மோவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொன்னார்கள். அந்த மெஷின் என்ன கம்பெனி, சர்வீஸ் எப்போது பண்ணினீர்கள் என்று கோவிந்தப்பன் கேட்டார். சின்ன வயசு டாக்டரம்மா. உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ராஜாத்தி கையில் இருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சர்க்கரை கண்ணுக்குப் பின்னாடி வேலையை ஆரம்பிச்சிடுச்சு. ஆனா நல்ல நேரத்துல வந்துட்டீங்க. லேசர்லயே நிறுத்திடலாம், இருக்கிற மங்கலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாப் போதும். இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா, போன பார்வையை யாராலும் திருப்பிக் குடுக்க முடியாது."

"ஊசி?"

"வேண்டாம்."

கோவிந்தப்பன் விட்ட மூச்சில் டாக்டரம்மா மேஜையில் இருந்த சீட்டு பறந்தது.

"என்ன வேலை பண்றீங்க?"

"மெயின்டனன்ஸுங்க."

டாக்டரம்மா குனிந்து, பறந்த சீட்டை எடுத்தார். ராஜாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள் என்று அவர் சொல்வார். சிரித்தேன் என்று அவள் சொன்னாள். இரண்டும் இருந்திருக்கும்.

இதுதான் கோவிந்தப்பன் சொல்கிற பாதி. இப்போது பஸ் ஸ்டாண்டில் என்றால், புதுக் கண்ணாடியோடு அந்தக் கோடியில் நிற்கிற பஸ்ஸின் போர்டைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பார். மறுபூஜைக்கு முன்னால் எடுத்த கம்ப்யூட்டரில் எடிட்டரை மூடினால் ஷிப்ட் மாட்டிக்கொள்ளும் என்று அடித்துச் சொல்வார். ராஜாத்திக்கே ஒருநாள் விளக்கினாராம். "உனக்கு இதெல்லாம் புரியாது ராஜாத்தி. டெக்னிக்கல் விஷயம். கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் சாமி."

"அப்படீங்களா" என்றாளாம் இவள்.

மலைப்படியில் உட்கார்ந்து ராஜாத்தி சொன்ன பாதி இவ்வளவுதான்.

"கல்லுக்குப் பின்னாடி நின்னு அவர் பேசின ரகசியம் அடுப்படியில எனக்குக் கேட்டுச்சுக்கா. நிர்மலா வீட்ல இருந்து வந்து பாத்தா லேப்டாப்பைக் காணோம். கீபோர்டு மட்டும் இருக்குது. முன்ன ஒருநாள் நான் பூ டப்பாவைக் கொண்டுபோய் அந்தக் கீபோர்டோட மூலையில வெச்சுட்டன். உள்ள சுவாதி லேப்டாப்புல அவ மேனேஜருக்கு எழுதினது முச்சூடும் பெரிய எழுத்தாப் போயிடுச்சு. அந்த மேனேஜர் போன் பண்ணி 'ஏம்மா என் மேல கத்தறே'ன்னு கேட்டாராம். 'அம்மா, ஒயர் இல்லன்னாலும் லேப்டாப் சைடுல இருக்கிற குட்டிச் சாமான் வழியா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்மா, இந்த மூலையில இருக்கிற ஷிப்ட் பட்டன் மேல எதையும் வெக்காத'ன்னு அவ என்னை அன்னைக்குப் பேசின பேச்சு! மறக்குமாக்கா? அதான் அவரோட ரெஞ்சையே தூக்கி அந்த மூலையில வெச்சன். அவரும் வந்து அதையே தொட்டுக் கும்பிட்டாரு."

"ரெஞ்சைத்தான் அவர் மடியில குடுத்துட்டியே? ரெண்டாந்தடவை?"

"வேலை செய்யுதுன்னா மூடி வெச்சுட்டு வரணும். வராம உள்ள டக்கு டக்குன்னு சத்தம். எனக்குத் தெரியாதா அவரை? ரெஞ்சு என்னாத்துக்கு? வெரலே போதும்."

எனக்கு ஒரு உறுத்தல். "சாமி முன்னாடி இப்படிப் பண்ணலாமா ராஜாத்தி?" என்று கேட்டேன்.

அவள் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சாமி கோவம்னு நான் ஒரு வார்த்தை சொல்லலக்கா. எடுத்தது தப்புதானேன்னு மட்டும் கேட்டன். மீதியெல்லாம் அவரே சொல்லிக்கிட்டாரு. வெரலை வெச்சுக்கிட்டு நின்னப்ப நான் கும்பிட்டது பொய்யில்ல. அந்த மனுசன் கண்ணைக் காப்பாத்துன்னுதான் கும்பிட்டன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாமியும் கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அரை வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டணும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்தத் தேதி நெருங்கினால் கோவிந்தப்பனே ரெஞ்சுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, "கிளம்பு ராஜாத்தி" என்கிறாராம். அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் அவரைப் பார்த்தால் இந்தக் கதையை உங்களிடமும் சொல்வார். இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொள்ளுங்கள்.